பரவானி ஏரிக்குச் சற்று முன்பு

பரவானி ஏரிக்குச் சற்று முன்பு
வண்டி இருமிவிட்டு நின்றது.
மார்ச் மாதம். சாலையின் இரு பக்கமும் பனி,
கம்பத்து உச்சியில் காலி நாரைக்கூடு.
ஓட்டுநர் வார்ட்கெஸ் முன்மூடியைத் திறந்து
ஆவிக்குள் தலையை விட்டார்.

உள்ளே பதினேழு பேர், இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,
யாருடையதென்று கடைசிவரை தெரியாத ஒரு சேவல்.

அகல்கலாகியில் ஐந்து மணிக்கு எனக்கொரு ஆள் காத்திருந்தார்.
ஆகவே கேட்டேன், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், ஆங்கிலத்தில்:
இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?

தெக்லேவுக்கு ஆங்கிலம் வரும், ஜார்ஜிய மொழி சொந்தம்,
ருஷ்யம் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.
பின்னால் திரும்பி
பாலாடைக்கட்டி வாளியை மடியில் வைத்திருந்த
மக்வலாவிடம் சொன்னாள்.
மக்வலா ருஷ்யத்தில் ஹ்ராச்சியாவிடம்.
மூட்டைக்காரர் ஹ்ராச்சியா ஜன்னலை இறக்கி
ஆர்மீனியத்தில், காற்றுக்கு எதிராக, கத்தினார்.
(வார்ட்கெஸுக்கும் ருஷ்யம் தெரியும்.
ஏனோ அன்றைக்கு அதில் பேச மனமில்லை.)

ஆவியிலிருந்து தலை வெளியே வந்தது.
என்னைப் பார்த்தார்.
பழந்துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக.
தஸ்ன்மேக் தாரி, என்றார்.

ஓசூர்க்காரன் நான். தாரி என்றால் தெலுங்கில் வழி.
ஏதோ மாற்றுவழி சொல்கிறார் என்று நினைத்தேன்.
அதற்குள் பதில் கிளம்பிவிட்டது,
ருஷ்யத்தில் அதீன்னத்சத் லேத்,
ஜார்ஜியத்தில் தெர்த்மெட்டி த்ஸெலி,
வாய்க்கு வாய் குரல் ஒரு படி இறங்கி
தெக்லே என் காதருகே சொன்னபோது
அது கிட்டத்தட்ட மூச்சு:
பதினொரு வருஷம்.

மக்வலா சிலுவை போட்டுக்கொண்டு
வைமே என்றாள்.
அது மட்டும் எனக்கு நேரடியாக வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேலே,
குஞ்சத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில்,
கோடு போட்ட பனியன், முன்பல் இல்லாத சிரிப்பு,
ஏழு வயதிருக்கும்.

என் கேள்வி எந்தக் கையில் நழுவியது?
'நேரம்' தெக்லேயிடமே உதிர்ந்திருக்கலாம்.
'இன்னும்' மக்வலாவின் வாளிக்குள் விழுந்திருக்கலாம்.
'ஆகும்' ஹ்ராச்சியாவின் வாயில் 'ஆயிற்று' என்று ஆகியிருக்கும்,
காற்று வேறு.
போய்ச் சேர்ந்தது 'எவ்வளவு' ஒன்றுதான்.
அதற்கு அவரிடம் ஒரே ஒரு பதில் இருந்தது.

நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல
மூன்று பேரைத் தாண்டிப் போக வேண்டும்.
மூன்று பேரும் என்னை
நல்லவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஐந்து மணிக்காரர் காத்திருக்கட்டும்.

வண்டி கிளம்பியபோது
முன் இருக்கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.
அங்கிருந்து அகல்கலாகி வரை ஆர்மீனியம்.
நடுவில் ஆளில்லை.
எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்:
ம் கொட்டினேன்.
கதை கேட்கிறவன் கொட்டுகிற அதே ம்,
சில இடத்தில் நீட்டி, சில இடத்தில் கேள்வியாக.
நான் மறந்துபோனால்
அவர் நிறுத்தி, சாலையை விட்டு என்னைப் பார்த்தார்,
எதிரே லாரி வந்தால்கூட.

ஸாவேன் என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது.
அது பெயர் என்று புரிய
நினோத்ஸ்மிந்தா வரை ஆயிற்று.
பத்தூமி என்று இரண்டு முறை. கடல் இருக்கும் ஊர்.
அதற்குமேல் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

இறங்கும்போது கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கையில் அமுக்கினார்.
வாங்கிக்கொண்டேன். மறுக்கிற சொல் தெரியாததால் என்று
இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

வழியெல்லாம் என்ன சொன்னார், என்று கேட்டாள் தெக்லே,
பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.
புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
ரேடியேட்டரைப் பற்றி, என்றேன்.